சிறு வியாபாரிகளும் இணையத் தளமும்

அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் கடை வைத்திருப்போர், தறி வைத்திருப்போர், தானியம் பிடித்து விற்போர் முதலிய சிறு வியாபாரிகளுள் பலர் அண்மைக் காலமாக ஒரு கேள்வியைக் கேட்டு வருகின்றனர். தங்கள் தொழிலுக்கென்று தனியே ஓர் இணையத் தளம் வைத்துக்கொள்வது அவசியந்தானா என்பதே அக்கேள்வி. கையிலிருக்கும் போனில் வாட்ஸப் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் படம் போட்டால் நாலு பேர் விலை கேட்கிறார்கள். பெரிய ஆன்லைன் சந்தைகளோ, தாங்களே விற்றுக் கொடுப்பதாகச் சொல்லி வலிய அழைக்கின்றன. இவற்றுக்கு மேலும் பணம் செலவிட்டுத் தனித் தளம் எதற்கு என்று அவர்கள் ஐயுறுவது இயல்பே. அவசியம் என்பதே நமது அபிப்பிராயம். அதுவும் வியாபாரியின் சொந்த உடைமையாக, சொந்தப் பெயரில், நம் தாய்மொழியில் அமைந்த தளமாக அஃது இருத்தல் வேண்டும். இதற்குரிய காரணங்களைச் சிறிது விரித்துரைக்க விரும்புகிறோம்.

இந்நாட்டின் தன்மையை அறிந்தவர்க்கு நாம் புதிதாகச் சொல்லவேண்டுவது ஒன்றுமில்லை. கரிசல் பூமி, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய வெள்ளாமை, கண்மாய் பெருகினால் ஒரு போகம், பெருகாவிட்டால் அதுவுமில்லை. பருத்தியும் கம்பும் சோளமும் குதிரைவாலியும் மல்லியும் மிளகாயும் விளைகிற காட்டில், குண்டாற்று மணலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற வருஷங்களே அதிகம். வானம் கைவிட்ட காலங்களிலெல்லாம் ஜனங்களைக் காத்தவை தறியும் தராசுமே. அருப்புக்கோட்டையின் பருத்திச் சேலைக்கு நெடுங்காலமாகவே பெயருண்டு. ஆனால் அந்தப் பெயர் யாரிடம் தங்கியிருக்கிறது என்று பார்த்தால் மனம் வருந்தும். கூலிக்கு நெய்பவர் நெய்து கொடுக்கிறார். மாஸ்டர் நெசவாளர் கட்டுக் கட்டி அனுப்புகிறார். மொத்த வியாபாரி வாங்குகிறார். பெருநகரத்துக் கடை தன் பெயர் அச்சிட்ட பையில் போட்டு விற்கிறது. உடுத்துகிற பெண்மணிக்குப் பையிலுள்ள பெயரே தெரியும். பாவு ஓட்டியவரும் ஊடை எறிந்தவரும் எந்த ஊரார், எந்தத் தெருவினர் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது; நெய்தவருக்கும், தம் சேலையை யார் உடுத்தினார், கரை பிடித்ததா, சாயம் நின்றதா என்று தெரியாது. திருச்சுழிப் பக்கத்துக் குதிரைவாலியின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் வருஷத்தைச் சிறுதானிய ஆண்டென்று அறிவித்துக் கொண்டாடியது. நகரத்துக் கடைகளில் அழகிய அட்டைப் பெட்டிகளில் சிறுதானியம் ஏறி அமர்ந்தது. மானாவாரிக் காட்டில் அதை விளைவித்தவருடைய ஊர்ப்பெயர் அந்தப் பெட்டிகளில் எத்தனையில் இருந்தது?

விளைவித்தவருக்கும் வாங்குகிறவருக்கும் இடையே ஒரு நேர்வழி இல்லாமையே இக்குறைக்கு வேர். அந்த நேர்வழியை இன்று போன்களும் இணையமும் திறந்துவிட்டிருக்கின்றன என்பது உண்மை. ஆயின் திறந்த வழிகளுள் பெரும்பாலானவை பிறருடைய நிலத்தின் வழியாகச் செல்லுகின்றன என்பதைத்தான் நம் வியாபாரிகள் கவனிக்கவில்லை. நிலத்துக்குரியவர் வேலி போட்டால் வழி அடைபட்டுப் போகும்.

இது வெறும் கற்பனைப் பயமன்று. 2020 ஜூன் 29-இல் இந்திய சர்க்கார் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அத்தடையின் நியாயத்தை நாம் இங்கே ஆராயவில்லை. தேசத்தின் பாதுகாப்பைக் கருதிச் செய்த காரியம் என்று சர்க்கார் கூறியது. நாம் காட்ட விரும்புவது வேறு. அச்செயலியில் ஆயிரக்கணக்கான பேரைத் தம் பின்னே சேர்த்து வைத்திருந்த சிறு வியாபாரிகள் அதன்பின் ஒருவரோடும் பேச வழியற்று நின்றனர். அவர்கள் சேர்த்த கூட்டம் அவர்களுடையதாக இருக்கவில்லை. 2021 அக்டோபர் 4-இல் ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகமெங்கும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின. மூன்றும் ஒரே கம்பெனியுடையவை யாதலின் ஒன்றுக்கு ஒன்று துணையாகவும் இல்லை. கூகிள் கம்பெனி சிறு வியாபாரிகளுக்கென்று இலவசமாக ஒரு பக்கத் தளம் அமைத்துக் கொடுத்து வந்தது; பெட்டிக்கடை முதல் ஜவுளிக்கடை வரை பலரும் அதை நம்பியிருந்தனர். 2024 மார்ச்சில் அந்தத் தளங்கள் யாவும் நிறுத்தப்பட்டன. அதற்கும் முன்னே, யாஹூ கம்பெனி நடத்திய ஜியோசிட்டீஸ் என்னும் இலவசக் குடியிருப்பு 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, அதில் பல வருஷம் பக்கங்கள் வைத்திருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு வெளியேற வேண்டியதாயிற்று. இக்கம்பெனிகள் வஞ்சகம் செய்தன என்று நாம் சொல்லவரவில்லை. தம் சொத்தைத் தாம் விரும்பியபடி நடத்தின; அவ்வளவே. வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரைக் கோபித்துப் பயனென்ன?

இந்தப் பாடத்தை நம் பக்கத்தார் நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கின்றனர். 1906 அக்டோபரில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது அதற்குத் தலைவராக அமர்ந்தவர் யார் என்பதை அருப்புக்கோட்டையார் மறந்திருக்க மாட்டார்கள். மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாலவனத்தம் ஜமீன்தார் ஸ்ரீ பாண்டித்துரைத் தேவரே அவர். பாலவனத்தம் இங்கிருந்து கூப்பிடு தூரம். பத்து லட்சம் ரூபாய் மூலதனம், பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய் என்று தொடங்கிய அக்கம்பெனிக்கு முதலில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய்க் கம்பெனியொன்றின் கப்பல்களை வாடகைக்கு எடுத்தே கொழும்புக்கு ஓட்டினர். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் பார்த்தனர். போட்டிக் கம்பெனியோடு சண்டையிடுவதை விடக் கப்பலுக்குரியவரை நெருக்குவது எளிதென்று கண்டு அதையே செய்தனர். வாடகைக் கப்பல்கள் திரும்பிப் போயின. கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து வந்து மானத்தைக் காத்துக்கொண்ட பிள்ளையவர்கள், இனி இரவற் கப்பலை நம்புவதில்லை என்று பம்பாய்க்குப் புறப்பட்டுப் போய், 1907-இல் காலியா என்னும் சொந்தக் கப்பலோடு வந்து சேர்ந்தார்; லாவோ என்னும் கப்பலும் வந்தது. அதன்பின் வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் தருவதாகச் சொன்னது. கட்டணத்தைச் சரித்துப் போட்டியாளரை வீழ்த்தும் வித்தை இக்காலத்து ஆன்லைன் சந்தைகள் கண்டுபிடித்ததன்று என்பதை நேயர்கள் குறித்துக்கொள்க. 1908-இல் பிள்ளையவர்கள் சிறை சென்றார். 1911-இல் கம்பெனி கலைந்தது. சொந்தக் கப்பல் இருந்தும் வீழ்ந்ததே என்று சிலர் வாதிக்கலாம். வீழ்ந்தது மெய். ஆனால் சொந்தக் கப்பல் இருந்ததால்தான் அதை வீழ்த்த ஒரு சர்க்காரே வரவேண்டியிருந்தது. வாடகைக் கப்பலை நிறுத்த ஒரு கடிதம் போதுமாயிருந்தது.

இனி, தளம் என்பது யாது, அதில் எது உடைமை, எது கூலி என்பதைத் தெளிவாக்குவோம். ஒரு தளத்துக்கு மூன்று அங்கங்கள் உண்டு. முதலாவது பெயர், ஜனங்கள் போனில் தட்டித் தேடி வருகிற முகவரி அது. இரண்டாவது, பக்கங்களை வைத்திருக்கும் இடம். எங்கோ ஓர் ஊரில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு யந்திரத்தில் மாத வாடகைக்கோ வருஷ வாடகைக்கோ எடுத்த மூலை. மூன்றாவது பக்கங்களே, படம், விலை, விவரம். இவற்றுள் இடத்தை மாற்றலாம். ஒரு கம்பெனி சரியில்லையாயின் வேறொன்றுக்குக் குடிபெயரலாம். பக்கங்களைத் திரும்ப எழுதலாம். பெயர் போனால் எல்லாம் போயிற்று. அட்டையிலும் பையிலும் பில்லிலும் அச்சிட்டது அந்தப் பெயர். வாடிக்கைக்காரரின் நினைவில் இருப்பதும் அதுவே. ஆகையால் மற்ற இரண்டிலும் சிக்கனம் செய்தாலும் செய்யலாம், பெயரில் அசட்டையாக இருக்கலாகாது.

நாம் வக்கீல் தொழில் பயின்றவர்களாதலின் இதைச் சற்று அழுத்தியே சொல்லுகிறோம். இணையப் பெயர் வெறும் முகவரியா, வியாபாரக் குறியைப் போன்ற உரிமையா என்ற வழக்கு நம் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று 2004 மே 6-இல் முடிவாயிற்று. சத்யம் இன்ஃபோவே என்ற கம்பெனி ‘சிஃபி’ என்ற பெயரைக் கொண்டு பல இணையப் பெயர்களை 1999 முதல் பதிந்து நடத்தி வந்தது. பின்னே வந்த சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் என்னும் வேறொரு கம்பெனி அதையொத்த பெயரைத் தானும் வைத்துக்கொண்டது. பங்களூர்ச் சிவில் கோர்ட்டு தடையுத்தரவு போட்டது. கர்நாடக ஹைகோர்ட்டு அதை நீக்கியது. சுப்ரீம் கோர்ட்டு மீண்டும் முன்னவர் பக்கமே தீர்ப்பளித்தது. இணையப் பெயருக்கும் வியாபாரக் குறியின் இலட்சணங்கள் உண்டு, பிறர் பெயரைப் போர்த்துத் தன் சரக்கை விற்பதைத் தடுக்கும் சட்டம் இதற்கும் பொருந்தும் என்பது அத்தீர்ப்பின் சாரம். நம் நாட்டுக்குரிய ‘.இன்’ பெயர்களை நிக்ஸி என்னும் ஸ்தாபனம் நிர்வகிக்கிறது. அவற்றைப் பற்றிய தகராறுகளை மத்தியஸ்தர் முன் தீர்த்துக்கொள்ளத் தனி விதிகளும் உள. சட்டம் இவ்வளவு தூரம் துணை நிற்கிறது. ஆனால் தன் பெயரில் பதிந்துகொள்ளாதவருக்குச் சட்டம் என்ன செய்யும்?

நடக்கிற காரியம் இது. கடைக்காரர் தளம் வேண்டுமென்று நினைக்கிறார். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளையாண்டான் ஒருவன் வருகிறான். இவ்வளவு ரூபாய், எல்லாம் நானே பார்த்துக்கொள்ளுகிறேன் என்கிறான். அவன் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். பதிவு செய்யும்போது தன் ஈமெயிலையும் தன் போன் எண்ணையும் கொடுத்துத் தன் பெயரிலேயே பதிகிறான், அதுதான் அவனுக்குச் சுலபம். இரண்டு வருஷங்கழித்து அவனுக்குச் சென்னையிலோ துபாயிலோ வேலை கிடைக்கிறது. புதுப்பிக்க வேண்டிய தவணையின் அறிவிப்பு அவனுடைய பழைய ஈமெயிலுக்குப் போகிறது. தவணை தப்பினால் சில வாரங்கள் தவணைச் சலுகை. அதற்கும் பின் அந்தப் பெயரை உலகத்தில் எவரும் வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரர் ஒருநாள் தம் தளத்தைத் திறந்தால் அங்கே சூதாட்ட விளம்பரம் சிரிக்கிறது. பெரிய இடத்திலும் இவ்வாறு நேர்ந்ததுண்டு. 1999 டிசம்பரில் மைக்ரோஸாஃப்ட் கம்பெனியே தன் பெயர்களுள் ஒன்றைப் புதுப்பிக்க மறந்துபோய், கோடிக்கணக்கானோர் உபயோகித்த ஹாட்மெயில் தடுமாறிற்று. யாரோ ஒரு புண்ணியவான் தம் கையிலிருந்து 35 டாலர் கட்டி அதை மீட்டுக் கொடுத்தார். திருச்சுழிக் கடைக்கு அத்தகைய புண்ணியவான் வந்து வாய்ப்பான் என்று எதிர்பார்த்திருப்பது அறிவுடைமையாகாது.

எனவே பெயரைப் பதியும்போது பதிவுடையவர் என்ற இடத்தில் வியாபாரியின் பெயரோ கடையின் பெயரோ இருத்தல் வேண்டும். பதிவாளரிடமுள்ள கணக்கின் கடவுச்சொல் வீட்டுப் பத்திரங்களோடு இருக்கட்டும். ஒருமுறைக் கடவுஎண் வந்து சேரும் போன் வீட்டாருடைய போனாக இருக்கட்டும். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குள் அடங்குகிற செலவு இது. ஒரே தடவையில் ஐந்து வருஷத்துக்கும் கட்டிவிடலாம். கடையின் பெயரை வியாபாரக் குறியாகப் பதிந்து கொள்ளவும் வழியுண்டு. 2017-ஆம் வருஷத்து விதிகள் தனியாருக்கும் சிறு தொழிலாளருக்கும் இணையத்தின் மூலம் மனுச் செய்ய ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் என்று குறைந்த கட்டணம் வைத்தன. ஊர்ப்பெயரைக் காப்பது இதற்கு மேற்பட்ட பொதுக் காரியம். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் செட்டிநாட்டுக் கண்டாங்கியும் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றன. அது ஊராருக்கெல்லாம் பொதுவான பட்டயம். தளத்தின் பெயரோ தனித்தனிக் கடையின் வாசற்படி. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாமென்பதில்லை.

இவ்வளவும் உடைமையைப் பற்றியது. நம்பிக்கையைப் பற்றி இதைவிட அதிகமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்த ஜில்லாவிலேயே இணைய வியாபாரத்தின் பெயர் கெட்டுக் கிடக்கிறது. சிவகாசியைப் பார்க்க. தீபாவளி நெருங்கும்போது பட்டாசு விலைப்பட்டியலோடு தளங்கள் மழைக்காலத்து ஈசல்போல் புறப்படுகின்றன. 2018 அக்டோபர் 23-இல் சுப்ரீம் கோர்ட்டு இணையத்தின் வழியாகப் பட்டாசு விற்பதைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. விசாரிப்பு மட்டுமே என்று சொல்லிக்கொண்டு தளங்கள் தொடர்ந்தன. அவற்றின் நடுவே, தொழிற்சாலையுமில்லாத, கடையுமில்லாத, ஊருமில்லாத பேர்வழிகள் நல்ல கடைகளின் படங்களைத் திருடிப் போட்டுப் போலித் தளங்களை வைத்தனர். பணம் அனுப்பியவர்களுக்குப் பெட்டியும் வரவில்லை, பதிலும் வரவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாட்டுப் போலீஸின் சைபர் குற்றப் பிரிவே பொதுஜனங்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. தளம் வைப்பது எளிது என்பதே அதன் பலவீனமுமாகும். ஆகவே, நேர்மையான வியாபாரி, ‘நான் போலியல்லேன்’ என்பதை வாங்குகிறவர் ஐந்து நிமிஷத்தில் சோதித்தறியும்படி தம் தளத்தை அமைத்தல் வேண்டும்.

அதற்குச் சட்டமே வழி காட்டுகிறது. 2020 ஜூலையில் பிரசுரமான மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இணையத்தில் விற்பவர் தம் முழுப்பெயர், கடையின் விலாசம், போன், ஈமெயில், சரக்கைத் திரும்பப் பெறும் முறை ஆகியவற்றை வெளிப்படையாகக் காட்டவேண்டும். குறை கேட்பதற்கென ஒருவரை நியமித்து அவர் பெயரையும் காட்டவேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். சிறு கடையில் முதலாளியே அந்த ஒருவர், பெரிய காரியமொன்றுமில்லை. தின்பண்டமும் தானியமும் விற்பவர் உணவுப் பாதுகாப்புப் பதிவின் பதினான்கு இலக்க எண்ணைப் போடவேண்டும். மாநில எல்லையைத் தாண்டி விற்க எண்ணுவோர் ஜி.எஸ்.டி. பதிவைப் பற்றி ஒரு கணக்கரிடம் முன்னரே கேட்டறிந்து கொள்க. முதல் பார்சல் போனபின் கேட்பதில் பயனில்லை. சில உலாவிகளில் தளத்தின் பெயருக்கு முன் பூட்டுச் சின்னம் தோன்றும்படி செய்யும் பாதுகாப்புச் சான்றிதழை இன்று இலவசமாகவே பெறலாம். அதற்கென ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிறவரிடம் ஏன் என்று கேட்க. பூட்டு இருப்பதாலேயே கடைக்காரர் யோக்கியர் என்று ஆகிவிடாது என்பதும் வாங்குகிறவர்கள் அறியவேண்டியதே. போலித் தளத்துக்கும் பூட்டு உண்டு.

இவை சட்டம் கேட்பவை. சட்டம் கேளாத ஒரு நேர்மையும் நம் ஜவுளிக்காரர்களிடமிருந்து வேண்டப்படுகிறது. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று சொல்லி விற்பது இத்தொழிலில் பழகிப்போன பொய். 1905 ஆகஸ்டு 7-இல் கல்கத்தாவில் பிறந்த சுதேசிச் சபதத்தை நினைந்தே ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி தினமாக 2015 முதல் கொண்டாடப்படுகிறது; முதல் விழா சென்னையிலேயே நடந்தது. கைத்தறி என்பதற்கு அடையாளமாகக் கைத்தறி முத்திரை 2006 முதல் வழங்கப்படுகிறது. விசைத்தறிச் சேலை இழிவானதென்று நாம் எண்ணவில்லை; அதை நம்பி அருப்புக்கோட்டையில் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. அதை அதன் பெயரால், அதன் விலைக்கு விற்கட்டும். கைத்தறியாயின், எத்தனை நம்பர் நூல், எத்தனை மீட்டர், ரவிக்கைத் துணி சேர்ந்ததா, முந்தியில் என்ன வேலை, நெய்ய எத்தனை நாள் பிடித்தது, முதல் சலவையை எப்படிச் செய்யவேண்டும் என்று எழுதட்டும். படத்தை வீட்டு வாசலில் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் போதும். விளக்கு வைத்து மெருகேற்றிய படத்தில் மயில் கழுத்து நிறம் கிளிப்பச்சையாகத் தோன்றிப் பின்னர் பார்சல் திரும்பி வருகிற நஷ்டத்தை யார் தாங்குவது? தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரின் சம்மதத்தோடு அவர் பெயரையும் சேலையின் பக்கத்தில் போடுகிற கடை எதுவோ, அதுவே நாம் முற்பகுதியில் வருந்திக் கூறிய குறையை முதலில் தீர்த்ததாகும்.

மொழியைப் பற்றிப் பலரிடம் ஒரு மயக்கம் உளது. தளம் என்றால் ஆங்கிலம் என்று நினைக்கின்றனர். தமிழ் எழுத்துக்களுக்கு யூனிகோட் முறையில் 1991 முதலே இடம் உண்டு. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு சர்க்காரும் அதை ஏற்றுக்கொண்டது. ஒருவருக்கு ஓர் எழுத்துரு, மற்றவருக்கு வேறொன்று என்று கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் மலையேறிவிட்டது. ‘.இந்தியா’ என்று தமிழிலேயே முடியும் இணையப் பெயரும் வாங்கலாம். ஈமெயிலுக்குத் தமிழ் முகவரி இன்னும் எல்லா இடத்திலும் செல்லுபடியாவதில்லை யாதலின், ஆங்கில எழுத்தில் ஒரு பெயரும் உடன் வைத்துக்கொள்வது விவேகம். பக்கம் தமிழில் இருக்கட்டும். தேவையானால் ஆங்கிலத்திலும் ஒரு பிரதி. ஸ்ரீ ரமண மகரிஷி 1879-இல் அவதரித்த திருச்சுழிக்குப் பல தேசங்களிலிருந்தும் யாத்திரிகர்கள் வருகின்றனர். சுந்தர மந்திரத்தையும் திருமேனிநாதர் கோவிலையும் தரிசித்தபின் எங்கே சாப்பிடலாம், என்ன வாங்கலாம் என்று அவர்கள் போனைத்தான் கேட்கிறார்கள். போனுக்குத் திருச்சுழியைப் பற்றி யாராவது சொல்லியிருந்தால்தானே அது பதில் சொல்லும்?

பணமுடை என்பார்க்கு நமது பதில், சிறிதாகத் தொடங்குக என்பதே. வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. தென்காசிக்கு அடுத்த மத்தளம்பாறையில் இருந்துகொண்டு ஜோஹோ கம்பெனி உலகத்துக்கு மென்பொருள் விற்கிறது. கடைத்தளம் அமைக்கும் கருவியும் அதனிடம் உண்டு. முதல் வருஷத்தில் பண வசூல் யந்திரமெல்லாம் தளத்தில் பூட்ட வேண்டாம். பத்துச் சேலை, பத்துப் படம், விலை, விலாசம், போன் எண் என்று நான்கு பக்கம் போதும். வாங்க விரும்புகிறவர் போன் செய்யட்டும், யு.பி.ஐ.யில் பணம் கட்டட்டும்; தபாலில் பார்சல் போகட்டும். பட்டியலைப் பார்த்துத் தபாலில் சரக்கு வாங்குவது தமிழனுக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து வி.பி.பி.யில் புஸ்தகமும் மருந்தும் கடிகாரமும் தருவித்தவர்களே. தபால் இலாகாவின் அந்த ஏற்பாடு 1877 முதல் எத்தனையோ சிறு வியாபாரிகளைத் தேசமெங்கும் அறியச் செய்தது. தளம் அந்த விளம்பரத்தையும் பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்தது. விளம்பரத்துக்கு அன்றாடம் கட்டணம் இல்லை என்பதே வித்தியாசம்.

ஆன்லைன் சந்தைகளையும் வாட்ஸப்பையும் விட்டொழிக்க வேண்டுமென்று நாம் சொல்லுவதாக யாரும் கொள்ளவேண்டாம். வாரச் சந்தைக்குப் போகாத வியாபாரி உண்டா? சந்தையில் ஆள் பிடிக்கலாம். ஆனால் பிடித்த வாடிக்கைக்காரரை வீட்டு வாசலுக்கு அழைத்துவரத் தெரியவேண்டும். பெரிய சந்தைகளில் வாங்கியவருடைய விலாசமும் விருப்பமும் சந்தைக்காரருக்கே சொந்தம். அவர் தமக்கு வேண்டியவரை முன்னே நிறுத்துகிறார் என்ற குற்றச்சாட்டின்மேல் 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் அமேஸான், பிளிப்கார்ட் இரண்டையும் பற்றி விசாரணைக்கு உத்தரவிட்டது. பார்சலுக்குள் நம் கடைப்பெயரும் தளத்தின் பெயரும் அச்சிட்ட சீட்டொன்றை வைக்கச் சந்தையின் நிபந்தனைகள் இடங்கொடுக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு சேருவதே முறை. இன்ஸ்டாகிராம் படத்தின் கீழும் தளத்தின் பெயர் இருக்கட்டும்.

தளம் வைத்துவிட்டாலே லட்சுமி கதவைத் தட்டுவாள் என்று ஆசை காட்டுகிறவர்களை நம்பவேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஆறு மாதம் ஒரு விசாரிப்பும் வராமலிருக்கலாம். சென்ற வருஷத்து விலையும் பொங்கலுக்கு வைத்த வாழ்த்தும் ஆடி மாதத்திலும் தொங்குகிற தளங்களை நாம் ஏராளமாகக் காண்கிறோம். அவை இல்லாமலிருப்பதே அந்தக் கடைகளுக்கு நன்மை. வாரத்தில் ஒருநாள், கடை அடைத்தபின் அரைமணி நேரம், விற்றதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுகிற பொறுமை வேண்டும். அந்த வேலையை வீட்டில் படித்த பெண்பிள்ளைகள் நன்றாகச் செய்வார்கள்.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வியாபாரிகள் சங்கங்களுக்கும் நமது விண்ணப்பம் ஒன்று. கோ-ஆப்டெக்ஸ் 1935 முதல் கைத்தறிக்குச் செய்துவரும் தொண்டு பெரிது. எனினும் ஒவ்வொரு சங்கமும் தன் பெயரில் ஒரு தளம் வைத்துக்கொள்ளவும், தனி நெசவாளர் பெயர் பதிந்துகொள்ள உதவவும் சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்தாலென்ன? அவருடைய கடமையுள் முதன்மையானது ஒரு புஸ்தகம்: யாருடைய பெயர், எந்தப் பதிவாளரிடம், எந்தத் தேதியில் தவணை என்று மூன்று கட்டம் போட்ட புஸ்தகம். ஊருக்கூர் கூட்டம் போட்டுச் சுதேசியைப் பேசுகிற நம் தொண்டர்களும், ஆகஸ்டு 7-இல் கைத்தறி வேஷ்டி உடுத்திப் படம் எடுத்துக்கொள்ளுவதோடு நில்லாமல், தமக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்து இந்தப் பதிவைச் செய்து கொடுத்துவிட்டு எழுந்திருக்கலாம்.

ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள் இன்றிரவே தளம் அமைத்த பிள்ளையாண்டானைக் கூப்பிட்டுப் பதிவாளர் கணக்கில் யாருடைய பெயரும் ஈமெயிலும் இருக்கின்றன என்று காட்டச் சொல்லவேண்டும். அவனுடைய பெயராயிருந்தால், அவன் ஊரிலிருக்கும்போதே, மனஸ்தாபம் ஒன்றும் வருவதற்கு முன்னே, தங்கள் பெயருக்கு மாற்றி வாங்கிக்கொள்க.